மூடுவதா, இணைப்பதா, விட்டுவைப்பதா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் அடுத்த இருபது ஆண்டுகள்

சென்னை மாநகராட்சியிடம் இன்று 400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. 2011-ல் மாநகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. பள்ளிகள் மட்டும் கூடவே வரவில்லை. பழைய எல்லைக்குள் இருந்த 281 பள்ளிகளை மாநகராட்சி நடத்த, புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையிடமே பத்தாண்டுக்கும் மேல் இருந்தன. அவற்றில் 139 பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தது 2022-ல்தான். ஆக, நகரின் நடுவில் காலியாகும் வகுப்பறைகளையும் ஓரத்தில் நெருக்கியடிக்கும் வகுப்பறைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு நிர்வாகத்தால் முடிகிறது என்பதே இப்போதுதான் நடந்திருக்கிறது.

அந்த மேசையில் முதலில் வந்து விழும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளை என்ன செய்வது? பதிலாக நாலைந்து வழிகள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் எங்காவது செய்து பார்த்தும் இருக்கிறார்கள். அவற்றை எடைபோட்டு, எனக்கு எது சரி என்று படுகிறது என்பதையும் சொல்கிறேன். மறுப்பவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

பிள்ளைகள் எங்கே போனார்கள்?

"மாநகராட்சிப் பள்ளியில் யார் சேர்க்கிறார்கள்" என்ற ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். தனியார் பள்ளி மோகம் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் திட்டம் முதல் படியிலேயே தப்பிப்போகும்.

தமிழ்நாட்டில் பிறப்பே குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை அப்படியே நிலைத்து நிற்க 2.1 வேண்டும். தனியார் பள்ளிகளை நாளைக்கே இழுத்து மூடினாலும் முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒன்றாம் வகுப்புக் கூட்டம் திரும்பி வராது.

அடுத்தது, அரசே இடம் மாற்றிய பிள்ளைகள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகளில் இருந்த குடும்பங்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். மாநகராட்சிப் பள்ளிகளின் பெஞ்சுகளை நிரப்பி வைத்திருந்தவர்கள் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான். ஒரு கரையைக் காலி செய்த அடுத்த ஜூனில், பக்கத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் இருக்காது. கொண்டுபோன இடத்திலோ வீடு முதலில் வந்தது, பள்ளி பின்னால் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்டுகளில் பழைய பள்ளிக்கே இரண்டு பஸ் மாறி வந்துபோன பிள்ளைகள் உண்டு. படிப்பை விட்டவர்களும் உண்டு.

அப்புறம், பலரும் பேசாத ஒன்று: பிள்ளையை இழப்பது ஆறு வயதில் இல்லை, மூன்று வயதில். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் வீட்டில், மூன்று வயதுப் பிள்ளையைப் பகலெல்லாம் எங்கே விடுவது என்பது அன்றாடப் பிரச்சினை. தெருமுனையில் ஒரு நர்சரி பள்ளி எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்தப் பள்ளியில் இரண்டு வருடம் பழகிய பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு என்று மாநகராட்சிப் பள்ளிக்குக் கூட்டிவர ஒரு காரணம் வேண்டுமே? சேர்க்கைப் பேரணி போகும் ஆசிரியர்கள் கதவைத் தட்டும்போது ஆட்டம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

எதை வைத்து எண்ணுவது?

வழிகளுக்குப் போவதற்கு முன் எண்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே தவறினால் பின்னால் எல்லாமே தவறும்.

கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. வார்டு வாரியாக எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், கையில் இருப்பது அன்று பிறந்த குழந்தை இன்று பிளஸ் டூவை நெருங்கும் அளவுக்குப் பழைய கணக்கு. பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் அரசின் கணினித் தளமான எமிஸ் இருக்கிறதே என்பார்கள். எமிஸ் பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைகளைக் காட்டும், வரப்போகிறவர்களைக் காட்டாது.

வரப்போகிறவர்களின் கணக்கு மாநகராட்சியிடமே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஒரு சிக்கல் உண்டு: பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில். எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகள் இருப்பதால், அந்த வார்டுகளில் குழந்தைகள் கொட்டிக்கிடப்பதுபோல் பதிவேடு காட்டும். பிறந்த இடத்தை விட்டுவிட்டுத் தாயின் முகவரியை வைத்துப் பிரித்தால், மூன்று வருடம் கழித்து எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் எல்.கே.ஜி.க்குத் தயாராவார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அங்கன்வாடிப் பதிவேட்டோடு சரிபார்த்தால் இன்னும் துல்லியம் வரும். புது மென்பொருள், ஆலோசனை நிறுவனம் எதுவும் வேண்டாம். சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் ஒரே ரிப்பன் கட்டடத்தின் நிர்வாகத்தில்தான் இருக்கின்றன.

தூரத்தை எப்படி அளப்பது என்பதும் இதே அளவு முக்கியம். தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகளின்படி 1 முதல் 5 வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தால் சென்னையின் பழைய பகுதிகளில் ஒரே வட்டத்துக்குள் இரண்டு மூன்று பள்ளிகள் வந்துவிடும். "ஒன்றை எடுத்துவிட்டாலும் விதி மீறாது" என்று கோப்பில் எழுதிவிடலாம். நேரில் போய் நின்றால் தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் ஒரு பள்ளி என்று வையுங்கள். வரைபடத்தில் பொடிநடை தூரம். ஆனால் கேட் மூடியிருக்கும்போது பைக்காரர்களே குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டுகிற இடம் அது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்குத் தகரம் அடைத்த சாலைகளில் நடைபாதையே இல்லை. நேற்று கடந்த இடத்தில் இன்று கடக்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளை தனியாகவோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டோ எத்தனை பெரிய சாலையைக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. ஒன்றுகூட இல்லாமல் 900 மீட்டர் நடப்பது பக்கம். ஒரு ஆறுவழிச் சாலையைத் தாண்டி 300 மீட்டர் நடப்பது தூரம்.

முதல் வழி: இருப்பது இருக்கட்டும்

அரசியலுக்கு மிகவும் வசதியானது இது. யாரும் மறியல் செய்ய மாட்டார்கள், கவுன்சிலருக்கும் தலைவலி இல்லை. எந்த முடிவும் எடுக்காத ஒவ்வொரு ஆண்டும் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதன் விலை வகுப்பறைக்குள் தெரியும். ஒரு தொடக்கப் பள்ளியில் 42 பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்வோம். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமையாசிரியரும் அந்த இருவரில் ஒருவர்தான். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்வார். மற்றவர் நான்கையும் ஐந்தையும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு இது கொஞ்சம் சமாளிக்கக்கூடியதாக ஆனது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பதால், கலந்து உட்காருவது அங்கே வழிமுறையாகவே இருக்கிறது. சிக்கல் எப்போது வரும் என்றால், இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போகும் நாளில். அன்று 42 பேருக்கும் ஒருவர். காலை உணவு வண்டி வரும்போது பெற்றுக்கொள்ள வேண்டும், எமிஸில் வருகை ஏற்ற வேண்டும், மதியச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். பாடம் எங்கே நடக்கும்? மாதத்தில் இப்படி எத்தனை நாள் என்று அங்கே வேலை பார்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

ஆனாலும் சின்னப் பள்ளிக்கு ஒரு பலம் உண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் இருக்கக் கூடாது. 42 பிள்ளைகளின் வீடும் ஆசிரியருக்குத் தெரியும். இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடி ஆயாவே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். நானூறு பேர் படிக்கும் வளாகத்தில் அந்தப் பிள்ளை ஒரு நீளமான பட்டியலில் சிவப்புக் குறியாக மட்டும் நிற்கும்.

இரண்டாவது வழி: மூடி இணைப்பது

காகிதத்தில் இதைவிட அழகான வழி கிடையாது. 42, 55, 38 என்று இருக்கும் மூன்று பள்ளிகளைச் சேர்த்தால் 135. சட்டத்தின் அட்டவணைப்படி ஐந்து ஆசிரியர்கள், வகுப்புக்கு ஒருவர். நூலகம், கணினி, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம்.

மிச்சம் எவ்வளவு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பள்ளிச் செலவில் பெரும்பகுதி சம்பளம். பள்ளியை மூடினால் ஆசிரியர் வீட்டுக்குப் போவதில்லை. உபரி என்று காட்டிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். மிச்சமாவது மின் கட்டணம், துப்புரவு, காவல், பராமரிப்பு. அதற்கு எதிராக இணைக்கும் பள்ளியில் கூடுதல் கழிப்பறை, கூடுதல் அறை, வண்டி வசதி என்று புதுச் செலவு நிற்கும். இணைப்பை ஆதரிக்க விரும்புகிறவர்கள் "ஆசிரியர்களை நன்றாகப் பயன்படுத்தலாம்" என்று சொல்லட்டும், அது உண்மை. "பணம் மிச்சமாகும்" என்று சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நகரம் சிகாகோ. 2013 மே மாதம், அங்குள்ள கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. சொன்ன காரணம், கட்டடங்களில் பாதி காலி என்பது. வகுப்புக்கு 30 பேர் என்று ஒரு சூத்திரம் வைத்து எல்லாக் கட்டடத்தையும் அளந்தார்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறிய வகுப்புகள் நடந்த அறைகளைக்கூட அந்தச் சூத்திரம் 'வீண்' என்று காட்டுகிறது என ஆசிரியர்களும் பெற்றோரும் வாதாடிப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இத்தனைக்கும், பத்தாண்டுக்கான கட்டடத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 2011-லேயே மாநிலச் சட்டம் சொல்லியிருந்தது. அந்தத் திட்டத்தின் இறுதி வடிவம் வந்தது மூடல் முடிவுக்குப் பிறகு. முதலில் மூடிவிட்டு அப்புறம் திட்டம் போட்டார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு அமைப்பு விளைவை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் என்னை நிறுத்திய விஷயம்: பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் சரிந்தது பள்ளி மாறிய பிறகு மட்டுமில்லை. மூடப்போகிறோம் என்று அறிவித்த அந்த ஆண்டிலேயே, பழைய பள்ளியில் இருந்தபோதே சரிந்துவிட்டது. கணக்குப் பாடத்தில் அந்தச் சரிவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மூடிய கட்டடங்கள் பலவும் வாங்க ஆளில்லாமல் நின்றன. 2024-ல் சான்பிரான்சிஸ்கோவும் சியாட்டிலும் இதே மாதிரி மூடல் பட்டியலைக் கையில் எடுத்தன. பெற்றோரின் எதிர்ப்பில் இரண்டுமே பின்வாங்கின.

நம் நாட்டில் ராஜஸ்தான் 2014-ல் சுமார் 17,000 பள்ளிகளை இணைத்தது. உத்தரப் பிரதேசம் 2025-ல் 50-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை இணைக்க உத்தரவு போட்டு, வழக்கும் போராட்டமும் கிளம்பியபின், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பவற்றை இணைக்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. இந்த ஒரு கிலோமீட்டர் முதல் நாளே சட்டத்தில் இருந்ததுதான். அதைக் கண்டுபிடிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மூன்றாவது வழி: வயதைப் பார்த்துப் பிரிப்பது

மூடுவதா வேண்டாமா என்று பள்ளியை முழுசாக வைத்துக் கேட்பதால்தான் சண்டை வருகிறது என்று நினைக்கிறேன். ஆறு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் தேவை ஒன்றில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு பள்ளி, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆசிரியர். இயற்பியல் ஆய்வகம் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று வேண்டும். மாநகராட்சியின் நடுநிலைப் பள்ளிகளில் 6, 7, 8 மூன்று வகுப்பிலும் சேர்த்தே நாற்பது பேர் இருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். சட்டம் கேட்பது அறிவியல்-கணக்குக்குச் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். வருகிறவர் விலங்கியல் படித்தவராக இருந்தால் அவரே இயற்கணிதமும் நடத்துவார். தமிழாசிரியர் ஆங்கிலமும் சேர்த்துப் பார்ப்பார். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டுமென்றால் 100 பிள்ளைகளைத் தாண்ட வேண்டும். இப்படி மூன்று வருடம் கழித்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை அங்கே தள்ளாடினால் யாரைக் குறை சொல்வது?

ஆகவே 5 வரை இருக்கும் பள்ளி, 30 பிள்ளைகள்தான் என்றாலும், அதே தெருவில் இருக்கட்டும். ஆனால் இரண்டு ஆசிரியர் போதாது, மூன்று வேண்டும். ஒருவர் வெளியே போனாலும் பள்ளி நடக்கும். 6-க்கு மேல் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பதை மட்டும் பக்கத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியோடு சேர்த்துவிடலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநகரப் பேருந்தில் கட்டணமில்லை. பதினொரு வயதில் மூன்று கிலோமீட்டர் போய்வர முடியும். அதிகப் பிள்ளைகள் சேர்ந்தால் பிளஸ் ஒன்னில் வணிகவியல், கணினி, தொழிற்பிரிவு என்று பாடப்பிரிவுகளும் கூடும். இப்போது பல இடங்களில் "எங்களிடம் இந்த இரண்டு குரூப்தான்" என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடியும் இடத்தில் ஒரு கசிவு ஏற்படும். டி.சி. வாங்கும் நாளில் பெற்றோர் எந்தப் பள்ளிக்கும் போகலாம், பெரும்பாலும் தனியார் பக்கம் திரும்புவார்கள். இதை அடைக்க ஒரு எளிய வழி, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் அதன் மேல்நிலைப் பள்ளியை நிரந்தரமாகக் குறித்துவிட்டு, ஐந்து முடித்த பிள்ளையின் பெயரை எமிஸில் தானாகவே அங்கே ஆறாம் வகுப்புக்கு ஏற்றிவிடுவது. டி.சி.க்கு அலைச்சல் இல்லை. வேறு பள்ளி வேண்டும் என்பவர் மட்டும் வந்து கேட்கட்டும். இன்னொன்று, பெண்கள் பள்ளிகள். பெண்கள் மட்டும் படிக்கும் நடுநிலைப் பள்ளியை எடுத்து இருபாலர் பள்ளியோடு சேர்த்தால், சில வீடுகளில் எட்டோடு படிப்பு நின்றுவிடும். அந்தப் பெண்கள் பள்ளிகளைத் தொடவே கூடாது என்பேன், எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருந்தாலும்.

ஒரு பெரிய பள்ளியைச் சுற்றிச் சின்னப் பள்ளிகளை ஒரு குடும்பமாக வைப்பது புது யோசனையில்லை. 1964-66 கோத்தாரி கல்வி ஆணையம் சொன்ன பள்ளி வளாகம்தான் இது. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் இருக்கிறது என்பதாலேயே இங்கே பலருக்கு முகம் சுளிக்கும். அந்தக் கொள்கை பேசும் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றளவு சென்னைக்குப் பொருந்தவே பொருந்தாது. அதற்குள் பாதி நகரம் வந்துவிடும். நமக்கு இரண்டு மூன்று வார்டு அளவு போதும். உடற்கல்வி ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் சின்னப் பள்ளிகளுக்கு வாரம் ஒருநாள் வந்துபோகட்டும். பிள்ளைகளை அலையவிடுவதைவிட ஆசிரியர் பைக்கில் வருவது எளிது.

நான்காவது வழி: காலி அறையை மூன்று வயதுக்குக் கொடுப்பது

இதைத் தனி வழி என்பதைவிட மூன்றாவதோடு ஒட்டிவருவது என்று சொல்லலாம். மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஏற்கெனவே நடக்கிறது. அரசு 2019-ல் மாநிலம் முழுக்க 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பைத் தொடங்கியது. தேவை இன்னும் மிச்சமிருக்கிறது.

காலியாக இருக்கும் தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் கீழ்த்தளத்தில் ஒரு அறையை அங்கன்வாடிக்கும் ஒன்றை மழலையர் வகுப்புக்கும் கொடுத்து, மாலை ஆறு மணிவரை பார்த்துக்கொள்ள ஆள் போட்டால், வேலைக்குப் போகும் அம்மா தனியார் நர்சரியைத் தேட மாட்டார். 1920-ல் சர் தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியபோது, அது பசிக்குச் சோறு மட்டும் போடவில்லை, பள்ளிக்கு ஆளையும் சேர்த்தது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். பகல் பராமரிப்பு அந்த வரிசையில் அடுத்ததாக வர வேண்டும். செலவு உண்டு, மறுக்கவில்லை. சிப்பம் கட்டிய பழைய நோட்டுகளையும் உடைந்த பெஞ்சுகளையும் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் அறைக்கும் செலவு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

நிலம்

எந்த வழியை எடுத்தாலும் பள்ளி நிலத்தைக் கைமாற்றக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பள்ளி காலியானால் அந்த வளாகத்துக்கு வரிசை கட்டி நிற்பவர்கள் ஏராளம்: வார்டு அலுவலகம், துப்புரவு வண்டி நிறுத்த இடம் கேட்பவர்கள், சமுதாயக் கூடம் கேட்பவர்கள், பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட வருபவர்கள். ஒவ்வொன்றும் நல்ல காரியமாகவே தோன்றும். பதினைந்து வருடம் கழித்து அங்கே மறுபடி பள்ளி வேண்டுமென்றால் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அரை ஏக்கர் வாங்க மாநகராட்சியால் முடியுமா?

மறுபடி வேண்டியிருக்கும் என்பதற்குக் காரணமும் இருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், இடிந்துவிழும் நிலையில் இருந்த மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளை அதே இடத்தில் இன்னும் உயரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. புளியந்தோப்பு கே.பி. பார்க் போய்ப் பார்த்தால் தெரியும். 2019 கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. தனி வீடுகள் இருந்த தெருக்களில் அடுக்குமாடிகள் வருகின்றன. அதில் வரும் எல்லோரும் மாநகராட்சிப் பள்ளிக்கு வரப்போவதில்லை, ஆனால் வாரியக் குடியிருப்புக்குத் திரும்பும் குடும்பங்கள் வருவார்கள். இன்றைய பதிவேட்டை வைத்து 2040-ஐ முடிவு செய்தால், இடித்துக் கட்டும் இரண்டு மூன்று வருடம் குடும்பங்கள் தற்காலிகமாக வெளியேறியிருக்கும்போது எடுத்த எண்ணிக்கையை வைத்துப் பள்ளியை மூடும் அபத்தம்கூட நடக்கும்.

ஓரங்கள்

நடுவில் எதை வைத்துக்கொள்வது என்ற விவாதத்திலேயே ஓரம் மறந்துபோகிறது. சோழிங்கநல்லூர், பெருங்குடி, அம்பத்தூர், மாதவரம் மண்டலங்களில் கேள்வி வேறு: பள்ளிக்கு இடம் எங்கே? பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டம் அது. அங்கே போனவர்களில் ஏராளமானோர் மாநகராட்சி வார்டுகளிலிருந்து போனவர்கள். ஆனால் பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. பிள்ளை எல்லை தாண்டியது, ஆசிரியர் பணியிடம் தாண்டவில்லை.

இதற்கு வீட்டு வசதித் திட்டத்திலேயே பள்ளியைச் சேர்ப்பதைத் தவிர மருந்தில்லை. இத்தனை நூறு வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் நாளில் இத்தனை வகுப்பறை திறந்திருக்க வேண்டும் என்று வாரியத்தின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2026-2046-க்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. பூங்காவுக்குத் திறந்தவெளி ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியதுபோல் பள்ளிக்கும் இடம் குறித்துவைக்க இதைவிட நல்ல நேரம் இனி இருபது வருடத்துக்கு வராது. நடுவில் உபரியாகும் ஆசிரியர்களைப் பணி நிரவலில் முதலில் அனுப்ப வேண்டியதும் இங்கேதான். மாநகராட்சிக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும் இடையே பணியிடத்தை மாற்றிக்கொள்ள ஓர் அரசாணை போதும்.

அப்படியானால் எது?

என் தேர்வு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தது. 5 வரை இருந்த இடத்திலேயே, மழலையர் வகுப்போடு, குறைந்தது மூன்று ஆசிரியர்களுடன். 6-க்கு மேல் பெரிய பள்ளியில். முழு மூடல் ஒரே ஒரு நிலைமையில் மட்டும்: பெரிய சாலை எதையும் கடக்காமல் நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி இருந்து, தாயின் முகவரிப்படி எடுத்த பிறப்புக் கணக்கும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால். அப்போதும் வளாகம் கல்வித் துறையின் பெயரிலேயே இருக்க வேண்டும். கட்டடம் வலுவிழந்து பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் அது வேறு விஷயம், அதற்கு யாரும் காத்திருக்கக் கூடாது.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வார்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, பள்ளி வாரியாக வெளியிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசட்டும். சிகாகோவில் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே மதிப்பெண் சரிந்ததை மறக்க வேண்டாம். பட்டியலில் பெயர் வந்த பள்ளிக்கு அடுத்த ஜூனில் யாரும் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்; அப்புறம் "பாருங்கள், சேர்க்கையே இல்லை" என்று அதையே காரணமாகக் காட்டலாம். அதனால் உத்தேசப் பட்டியல் என்று கசியவிடும் வேலையே கூடாது. 6-க்கு மேல் இணைக்கப்போகும் பள்ளிகளில், இப்போது அங்கே படிப்பவர்கள் எட்டு முடியும்வரை அங்கேயே படிக்கட்டும், புதிதாக ஆறாம் வகுப்பு மட்டும் தொடங்காமல் விடலாம். மூன்று ஆண்டில் தானாக முடிந்துவிடும். இதையும் ஜனவரியிலேயே சொல்லிவிட வேண்டும். மே கடைசியில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினால், அதற்குள் பக்கத்துத் தெரு தனியார் பள்ளியில் அட்மிஷன் முடிந்து முதல் தவணையும் கட்டியிருப்பார்கள்.